கேட் வரை போய் வந்த வாக்கியங்கள்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் பதில் எழுதும் மனிதருக்கு, வாயால் பொய் சொல்வதில் ஒரு சிரமமும் கிடையாது. சோப்பு வாங்க மறந்துவிட்டுக் கடை பூட்டியிருந்தது என்பார். மைத்துனர் போன் செய்தால், தானே எடுத்து, தான் குளித்துக்கொண்டிருப்பதாகத் தகவல் சொல்வார். எழுத்தில் மட்டும் பொய் வராது. கீபோர்டில் விரல் பட்டதும் சாட்சிக் கூண்டில் ஏறியவர் போல ஆகிவிடுவார். சின்ன வயதில் லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதிவிட்டு, அது உண்மையாகட்டும் என்று இரண்டு மணி நேரம் மழையில் நின்ற ஆள்.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வேலை, லிஃப்ட் நின்றுபோய்க் கொதிக்கிறவர்களுக்குப் பதில் எழுதுவது.

பதில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பது கம்பெனியின் பழைய ஏற்பாடு. தமிழில் எழுதினால் படித்த கையோடு திட்டக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஆங்கிலம் என்றால் இரண்டு தரம் படிக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் கோபம் பாதி ஆறிவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆங்கிலத்திலும் நம்மவர் நம்பியது ஒரே ஒரு காலத்தை. பிரசென்ட் பெர்ஃபெக்ட். காரியம் ஆகிவிட்டது என்று சொல்லும், எப்போது ஆனது என்று சொல்லாது. 'நேற்று' என்ற வார்த்தையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் துள்ளி எழுந்து ஓடிவிடும். எடுத்ததற்கெல்லாம் தேதி கேட்கிற உலகத்தில் இப்படியொரு காலத்தைக் கண்டுபிடித்த ஆசாமி ஏதோ ஒரு கம்பெனியின் சர்வீஸ் பிரிவில்தான் இருந்திருப்பார். சந்தேகமே இல்லை.

வெறும் காலம் மட்டும் போதாது, நடுவே ஒரு சின்ன வார்த்தை வேண்டும். ஜஸ்ட், ஆல்ரெடி, நெவர் எல்லாம் நடுவில் சொருகிக்கொள்ளும். யெட் மட்டும் வாலாட்டிக்கொண்டு கடைசியில் வரும். நம்மவருக்கு ஆபீஸில் 'ஜஸ்ட் சார்' என்று பெயர். அதற்குக் காரணம் இருந்தது.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், டெக்னீஷியன் மேஜை மேல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே "அவர் ஹாஸ் ஜஸ்ட் லெஃப்ட்" என்று எழுதி அனுப்பியவர். ஜஸ்ட் சாரால் அது முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது. முதல் நாள் மாலை வரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அண்ணே, கொஞ்சம் கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்களேன்."

அண்ணே என்பது டெக்னீஷியன். இப்போது ஐம்பத்து நாலு வயது, ஊரெல்லாம் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும்.

"எதுக்கு சார்?"

"நீங்க கிளம்பிட்டீங்கன்னு எழுதணும்."

"எழுதுங்க."

"நீங்க கிளம்பலையே."

ஸ்பேனர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி, விளக்குக் கம்பம் வரை போய் நின்றார். ஜன்னல் வழியே அதைப் பார்த்த பிறகு ஜஸ்ட் சார் மெயிலைத் தட்டினார். அனுப்பிவிட்டுக் கையசைத்ததும் ஸ்பேனர் திரும்பி வந்து மிச்ச டீயைக் குடித்தார். கிளம்பிவிட்டார் என்றுதானே எழுதியது? திரும்பி வரவில்லை என்று யாரும் எழுதவில்லையே.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. "சார், இன்னிக்கு மழை, மூணு மெயிலையும் சேர்த்து வெச்சுக்குங்க, ஒரே நடையில முடிச்சிடலாம்" என்று ஸ்பேனரே திட்டம் சொல்லும் அளவுக்குப் போனது. வாட்ச்மேன் அவருக்காக கேட்டை மூடுவதையே விட்டுவிட்டார்.

மற்ற வார்த்தைகளுக்கும் வேலை இருந்தது. "உங்கள் புகாரை ஆல்ரெடி பார்த்துவிட்டோம்" என்று எழுதும் முன் புகாரை பிரிண்ட் எடுத்து ஆபீஸில் இருக்கும் ஆறு பேர் முகத்துக்கு முன்னாலும் காட்டிக்கொண்டு போவார். "பாத்தாச்சா? நீங்க பாத்தாச்சா?" என்பார். எல்லோரும் பார்த்தார்கள். படித்தவர் யாரும் இல்லை. "இப்படிப்பட்ட புகார் நெவர் வந்ததில்லை" என்று எழுத அவருக்கு அரை நாள் ஆகும், பழைய ஃபைல் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். ஆகவே அந்த வார்த்தையை அவர் பொதுவாகத் தொடுவதில்லை. மனதுக்குப் பிடித்தது யெட். "உதிரிபாகம் இன்னும் வரவில்லை யெட்." அதற்கு யாரும் எங்கும் நடக்க வேண்டாம். அது எப்போதும் உண்மை.

வந்த புகார்களை அடுக்குவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். யெட் போட்டு எழுதுகிறவர்கள் நல்லவர்கள், காத்திருப்பார்கள், அவர்கள் கட்டின் அடியில். "நீங்கள் ஸ்டில் வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள், அவர்கள் மேலே. ஸ்டில் ஆசாமிகளுக்கு அன்றைக்கே ஆள் போகும், உண்மையிலேயே போகும். ஒரே அர்த்தம்தானே என்று ஸ்பேனர் ஒரு தடவை கேட்டார். "யெட்டுல நம்பிக்கை இருக்கு அண்ணே. ஸ்டில்லுல அடி விழும்" என்றார் ஜஸ்ட் சார்.

இவ்வளவு கெட்டிக்காரர் பதினோரு வருஷமாக டெம்பரரி. அதுதான் வேடிக்கை. வீட்டில் அது வேடிக்கையாக இல்லை.

வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் கம்பெனிக்காரர் லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லக்கூடிய எல்லா ஜோக்கையும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. தையல் கடைக்கு வேலைக்குப் போகிறவர், ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துப் படி இறங்கி நூற்றுப் பத்துப் படி ஏற வேண்டும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். டாக்டர் இனி படியே கூடாது என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாகிறது என்று செய்தி வந்தது. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. ஆனால் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான். மாதக் கடைசிக்குள் ஜஸ்ட் சார் பெர்மனென்ட் ஆகாவிட்டால் வீடு ஸ்டோர்கீப்பருக்குப் போய்விடும். ஸ்டோர்கீப்பருக்கு முழங்கால் இரண்டும் அருமையாக இருந்தன.

"ஹெட் ஆபீசுக்கு எழுதுனீங்களா?" என்று கேட்டார் மனைவி. காலை நீட்டி, முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் எழுதறேனே."

"என்னன்னு எழுதறீங்க? காட்டுங்க."

காட்டினார். மனைவி ஒன்றொன்றாகப் பார்த்தார். பதினோரு கடிதம். எல்லாவற்றிலும் "நான் இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை" என்ற வரியின் கடைசியில் ஒரு யெட் வாலாட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, யெட்டுன்னு எழுதறவங்களை நீங்க எங்க வைப்பீங்கன்னு சொன்னீங்க?"

"கட்டுக்கு அடியில."

"அப்புறம் அவங்க மட்டும் உங்களைத் தலை மேல தூக்கி வைப்பாங்களா?"

பதினோரு வருஷம் ஊருக்கெல்லாம் செய்ததைத் தனக்கும் ஒருவர் செய்வார் என்று ஜஸ்ட் சாரின் மூளைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினார். இந்தத் தடவை ஸ்டில். அப்படியொரு கெட்ட வார்த்தையை அவர் அதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

நாலே நாளில், இருபத்தெட்டாம் தேதி காலை, பதில் ஆபீசுக்கு வந்துவிட்டது. ஸ்பேனர்தான் உறையை வாங்கி வந்தார்.

"என்ன சார், என்ன போட்டிருக்கு?"

"'யுவர் ஃபைல் ஹாஸ் ஜஸ்ட் பீன் மூவ்டு.'"

"அடடே! நகர்ந்துடுச்சா! ஸ்வீட் எங்க?"

ஜஸ்ட் சார் முகம் பேயறைந்தது போலிருந்தது. "அண்ணே. ஜஸ்ட்டு."

ஸ்பேனர் கேட்டைப் பார்த்தார். விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். "ஐயய்யோ" என்றார்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. ஹெட் ஆபீசின் லிஃப்டே நின்றுவிட்டதாம். உள்ளே இருப்பது பெரியவர். பெரியவர் என்றால் கம்பெனிக்கே தலைவர், பெர்மனென்ட் ஆக வேண்டிய ஒவ்வொரு ஃபைலிலும் கையெழுத்துப் போட வேண்டியவர். ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜஸ்ட் சாரும் கூடவே ஓடினார். வேன் கேட்டைத் தாண்டிப் போனது. வாட்ச்மேன் வழக்கம்போல் கேட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார். மத்தியானம் வரை காத்திருந்ததாகக் கேள்வி.

ஹெட் ஆபீஸ் ஏழு மாடி. ஸ்பேனர் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போனார். ஜஸ்ட் சார் ஐந்தாம் மாடியில் கடிதம் எழுதும் இடத்தைத் தேடிப் போனார். வராந்தாவின் கடைசியில் ஒரு மேஜை, அதன் பின்னால் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிய ஓர் அம்மாள். எல்லோரும் 'டெஸ்பாட்ச் மேடம்' என்றார்கள். அவர் முன்னால் ஃபைல்கள் கட்டுக் கட்டாக.

மேடம் ஒரு ஃபைலை எடுத்து அட்டெண்டரிடம் நீட்டினார். அட்டெண்டர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவைக் கடந்து எதிர் அறை வாசலில் போய் நின்றார். மேடம் எட்டிப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்டினார். பிறகு, "வாங்க" என்றார். அட்டெண்டர் ஃபைலோடு திரும்பி வந்து அதே இடத்தில் வைத்தார்.

ஜஸ்ட் சாருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. பதினோரு வருஷத்தில் தன் ஜாதிக் கலைஞர் ஒருவரை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மேடம்... ஜஸ்ட்டா?"

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க சர்வீஸ் பிரிவா?"

"ஆமாங்க. நாங்க கேட் வரைக்கும் அனுப்புவோம்."

"கேட்டா! எங்களுக்கு அவ்ளோ தூரம் கட்டுப்படியாகாது. இவருக்கு வயசாச்சு." அட்டெண்டர் ஆமோதித்துத் தலையாட்டினார். "எழுத்துல பொய் வராது சார் எனக்கு. என்ன செய்யறது, சொல்லுங்க."

"எனக்கும்தான் மேடம். ஆனா என் ஃபைல் நெஜமாவே நகரணும். முப்பதாம் தேதிக்குள்ள. வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி போயிடுச்சு."

மேடம் கட்டின் அடியிலிருந்து அவருடைய ஃபைலை உருவினார். தூசி பறந்தது. "நான் என்ன சார் பண்ணுவேன்? எல்லாம் ரெடி. பெரியவருக்கு நேரம் இல்ல. மீட்டிங், மீட்டிங், மீட்டிங். அவர் ஒரு இடத்துல அரை மணி நேரம் சும்மா உக்காந்து நான் பார்த்ததே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு லிஃப்ட் இருந்த பக்கம் பார்த்தார்கள்.

அது பழைய கம்பிக் கதவு லிஃப்ட். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. ஐந்தாம் மாடித் தரையோடு தரையாக, கம்பி இடைவெளியில், பெரியவரின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளே லிஃப்ட்மேனின் ஸ்டூல் இருந்தது, மின்விசிறி தனி லைன் என்பதால் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கம்பி வழியாக டீயும் கொடுத்திருந்தார்கள். போன் சிக்னல் இல்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை யாராலும் கூப்பிட முடியவில்லை. மனிதர் முகத்தில் ஒரு களை இருந்தது.

"சும்மா உக்காந்திருக்கேன்யா" என்றார் அந்தத் தலை, எதிரே தெரிந்த செருப்புகளைப் பார்த்து. "கையெழுத்துக்கு ஏதாவது இருந்தா குடுங்க."

செய்தி ஏழு மாடியிலும் பரவ இரண்டு நிமிஷம் ஆனது. மூன்றாவது நிமிஷம் வரிசை நின்றுவிட்டது. அக்கவுன்ட்ஸ், பர்சேஸ், லீகல் என்று பெரிய பெரிய அதிகாரிகள் ஃபைலும் கையுமாகத் தரையில் குந்தினார்கள். டை கட்டியவர்கள் டையைத் தோளில் போட்டுக்கொண்டு தவழ்ந்தார்கள். வரிசை சீனியாரிட்டிப்படி. டெம்பரரி ஆசாமியின் ஃபைல் கடைசி, பதினைந்தாவது.

பெரியவர் அவசரப்படவில்லை. இவ்வளவு நேரம் கிடைத்தால் யார்தான் அவசரப்படுவார்? ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். "இது ரொம்ப நல்லா இருக்கே" என்று ஒரு சிமென்ட் டெண்டரை ரசித்தார்.

ஆறாவது ஃபைலில் இருக்கும்போது மேலே மாடிப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார்ர்! முடிஞ்சிருச்சு! கிளப்பட்டுமா?"

ஸ்பேனர்தான். வரிசை முழுக்க மூச்சு நின்றது. லீகல் அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். ஆனால் தலைக்குக் காது இருந்ததே.

"என்ன சத்தம்? ரிப்பேர் முடிஞ்சுதா?" என்றார் பெரியவர். கூடவே தன் பழக்கப்படி, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கம்பி வழியாக நீட்டினார். ரிப்பேர் கம்ப்ளீட் ஆகிவிட்டதா என்று அதில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது.

சீட்டு கைக்குக் கை மாறி ஜஸ்ட் சாரிடம் வந்தது. சர்வீஸ் பிரிவு என்றால் அவர்தானே. ஒன்பது ஃபைல் பாக்கி. ஒன்பதாவது அவருடையது. வாயால் கேட்டிருந்தால் ஒன்பது பொய் சொல்லியிருப்பார். எழுத்தில்? பேனாவைத் திறந்தார், மூடினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முப்பதாம் தேதி, ஒற்றைப் படி வைத்த வாசல், மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் மனைவி, எல்லாம் அந்தத் துண்டுச் சீட்டில் வந்து நின்றன.

"ஒரு நிமிஷம் சார்" என்றார். சொல்லிவிட்டுப் படியில் பாய்ந்தார்.

மெஷின் ரூமில் ஸ்பேனர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஃபியூஸைக் கழட்டுங்க."

"என்னது? இப்பதான் மாட்டினேன்!"

"முடியலைன்னு எழுதணும்."

"எழுதுங்க."

"முடிஞ்சிடுச்சே அண்ணே."

பதினோரு வருஷப் பழக்கம். ஸ்பேனர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி ஜஸ்ட் சார் உள்ளங்கையில் வைத்தார். "கேட் வரைக்கும் நடக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று மட்டும் சொன்னார்.

ஜஸ்ட் சார் அங்கேயே சுவரில் சீட்டை வைத்து எழுதினார். ரிப்பேர் இன்னும் கம்ப்ளீட் ஆகவில்லை, யெட். எழுத்துக்கு எழுத்து சத்தியம். கீழே கொண்டுவந்து கொடுத்தபோது வரிசையில் இருந்தவர்கள் கை தட்டப் போய், சுதாரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்கள்.

பெரியவர் படித்தார். "யெட்டா? சரி, நம்பிக்கை இருக்கு" என்று அடுத்த ஃபைலைக் கேட்டார். பத்தாவது முடிந்ததும் இன்னொரு சீட்டு வந்தது. ஆங்கிலத்து 'எவர்' போட்டு, இதற்கு முன் லிஃப்ட் ரிப்பேர் செய்திருக்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தது. அதற்குப் பதில் சுலபம். செய்திருக்கிறோம், ஆனால் இவ்வளவு ஃபைல்களோடு நெவர்.

கடைசியில் பதினைந்தாவது ஃபைல். மேடமே தரையில் முட்டி போட்டு நீட்டினார். பெரியவர் புரட்டினார். பதினோரு யெட்டையும் படித்தார், அந்த ஒரு ஸ்டில்லையும் படித்தார். புருவம் ஏறியது. சீட்டை எடுத்து, இது ஏன் ஸ்டில் செய்யப்படவில்லை என்று எழுதி மேடத்திடம் கொடுத்தார்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எழுதினார். இந்த ஃபைல் ஜஸ்ட் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அட்டெண்டர் பின்னால் நின்று, "ஆமா, வராந்தா தாண்டி இவ்ளோ தூரம் இன்னிக்குத்தான் வந்திருக்கு" என்று முணுமுணுத்தார்.

தலை ஒரு கணம் மேலே பார்த்தது. "யாருய்யா இந்த ஆளு?"

ஜஸ்ட் சார் குந்தி, குனிந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி முகத்தைக் காட்டினார். "நான்தான் சார்."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமாங்க சார்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?" என்றார் பெரியவர், கையெழுத்துப் போட்டபடி.

அதற்குப் பிறகு ஜஸ்ட் சார் படியேறிய வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஃபியூஸ் இடத்துக்குப் போனது. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி அரை மாடி ஏறியது. பெரியவர் முழு ஆளாக வெளியே வந்தார். வந்த உடனே பையில் இருந்த போன் ஏழு தடவை அடித்தது. அவர் திரும்பி லிஃப்டை ஒரு பார்வை பார்த்தார். மாமியார் வீட்டிலிருந்து கிளம்புகிற புது மாப்பிள்ளை கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

முப்பதாம் தேதி வீடு மாற்றினார்கள். ஸ்பேனர் வேன் கொண்டுவந்தார், மேடம் அட்டெண்டரை அனுப்பியிருந்தார். மனைவி நூற்றுப் பத்துப் படியையும் கடைசித் தடவையாக இறங்கி, புது வீட்டு வாசலில் அந்த ஒற்றைப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று விரலால் சுட்டினார். எல்லாம் உள்ளே போன பிறகு கைவிரல் விட்டு எண்ணினார்.

"ஏங்க, அங்க ஜன்னல்ல கர்ட்டன் கம்பி இருந்துச்சே, எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு எடுத்தாச்சு."

"எங்க, காட்டுங்க?"

ஜஸ்ட் சார் வேனைப் பார்த்தார். ஸ்பேனர் வானத்தைப் பார்த்தார்.

"ரெண்டு கம்பி" என்றார் மனைவி, முட்டியை நீவிவிட்டபடி. "சமையக்கட்டுல ஒரு ஆணியும் இருக்கு, நல்ல ஆணி. போயிட்டு வாங்க. அஞ்சு மாடிதானே. எனக்கொண்ணும் அவசரமில்ல, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."